சிறு விமான விபத்தின் விசாரணை அறிக்கையைப் படிப்பது எப்படி

உயிரிழப்பு நேர்ந்த சிறு விமான விபத்து ஒன்றின் விசாரணை அறிக்கை வெளியானதும், அதைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குச் சென்று, காரணம் இன்னதென்று சொல்லும் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ‘விமானி கட்டுப்பாட்டை இழந்தார்’ என்று அங்கே எழுதியிருக்கும். விமானம் விழுந்தது என்ற செய்தி முன்பே தெரிந்திருக்க, அதையே வேறு விதமாகச் சொல்லும் இந்த வாக்கியத்தால் படித்தவருக்குப் பெரிதாக ஒன்றும் விளங்குவதில்லை. அறிக்கையிலேயே மிக மெலிந்த பகுதி அதுதான். அதற்கு வலுவிருக்கிறதா இல்லையா என்பது நடுப்பக்கங்களில் உள்ள சான்றுகளைப் பார்த்தால்தான் தெரியும். உறவினரை இழந்தவர்கள், பறக்கக் கற்றுக்கொள்பவர்கள், செய்தி எழுதுபவர்கள் ஆகியோர் அந்த நடுப்பக்கங்களைத் தாங்களாகவே படித்து எடைபோட இந்த வழிகாட்டி உதவும்.

கையில் இருப்பது எந்த அறிக்கை?

முதலில் பார்க்க வேண்டியது அறிக்கையின் தேதியும் வகையும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து பற்றிய 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைக்கு 13ஆம் இணைப்பாக உள்ள விதிகளைத்தான் உலகெங்கும் விமான விபத்து விசாரணைகள் அடிப்படையாகக் கொள்கின்றன. அதன்படி முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் வர வேண்டும். இறுதி அறிக்கை இயன்றால் 12 மாதங்களுக்குள் வெளியாக வேண்டும். அது முடியாவிட்டால், விபத்து நடந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வரும்போது விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று ஓர் இடைக்கால அறிவிப்பு வெளியிட வேண்டும். முதற்கட்ட அறிக்கை, கண்டெடுத்தவற்றைச் சொல்லுமே தவிரக் காரணம் சொல்லாது. ‘எஞ்சினில் குறை எதுவும் காணப்படவில்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தால், பழி விமானிமேல் விழப்போகிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எஞ்சினை இன்னும் பிரித்தே பார்க்காமல்கூட இருந்திருக்கலாம்.

அடுத்தது, விசாரணையின் நோக்கம். அதே 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதுதான், யார்மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் இது சட்டமாகவே உள்ளது: அங்குள்ள தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்குகளில் சான்றாகக் காட்ட முடியாது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்பைத் தேடி அறிக்கையைப் படிப்பவர் ஏமாற்றமே அடைவார். ‘உயிரிழப்பு’ என்ற சொல்லுக்கும் இங்கே வரையறை உண்டு. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் காயங்களால் நேரும் இறப்பு மட்டுமே அந்தக் கணக்கில் சேரும்.

சிறு விமானங்களைப் பொறுத்தவரை, விசாரணையின் ஆழம் எல்லா விபத்துக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெரும் பயணிகள் விமானம் ஒன்று விழுந்தால் பல நாட்டு வல்லுநர்கள் திரள்வார்கள். இரண்டு பேர் சென்ற ஒற்றை எஞ்சின் விமானம் விழுந்தால் ஓரிரு விசாரணையாளர்கள் மட்டுமே வருவதும் உண்டு, சில வேளைகளில் யாரும் வராமல் போலீசார் எடுத்த படங்களைக் கொண்டே விசாரணை முடிவதும் உண்டு. எனவே விசாரணையாளர் களத்துக்கு நேரில் சென்றாரா என்பதைச் சொல்லும் வரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு மேலே படியுங்கள். விமானத்தையும் எஞ்சினையும் தயாரித்த நிறுவனங்களின் தொழில்நுட்பவியலாளர்கள் ஆலோசகர்களாகப் பங்கேற்பது முறையான நடைமுறைதான் என்றாலும், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது.

படிக்கும் வரிசை

வழக்கமான முழு அறிக்கைக்கு நான்கு பகுதிகள்: உண்மைத் தகவல்கள், பகுப்பாய்வு, முடிவுகள், பாதுகாப்புப் பரிந்துரைகள். முதற்பகுதி மேலும் பல உட்பிரிவுகளாகப் பிரியும். பறப்பின் வரலாறு 1.1, விமானி பற்றியது 1.5, விமானம் பற்றியது 1.6, வானிலை 1.7, சிதைவுகள் 1.12, மருத்துவத் தகவல் 1.13, சோதனைகள் 1.16 என்று எண்கள் நாடு மாறினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை. சிறு விபத்துகளுக்கான சுருக்க அறிக்கையில் எண்கள் இல்லாவிட்டாலும் இதே செய்திகள் பத்திகளாக இருக்கும்.

பறப்பின் வரலாற்றை முதலில் படியுங்கள். அது முடிந்ததும் சிதைவுகளுக்குத் தாவுங்கள். பிறகு விமானம், வானிலை, விமானி, மருத்துவம், சோதனைகள் என்று போகலாம். பகுப்பாய்வைத் திறப்பதற்கு முன், ஒரு தாளின் நடுவே கோடிட்டு, இடப்பக்கம் ‘என்ன நடந்தது’ என்றும் வலப்பக்கம் ‘அது எப்படித் தெரியும்’ என்றும் எழுதிக்கொண்டே வாருங்கள். ‘விமானம் 1,500 அடியில் இடப்பக்கம் திரும்பியது’ என்பது இடப்பக்கத்தில் வரும். ரேடாரா, ஜிபிஎஸ் கருவியா, கீழே நின்றவர் சொன்னதா என்பது வலப்பக்கத்தில் வரும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள் எவையோ அவைதான் ஊகங்கள். இந்த ஒரு தாளை எழுதி முடித்தால் அறிக்கையின் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

அறிக்கையில் உள்ள நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமாக இருக்கும். அதை விபத்து நடந்த இடத்தின் நேரத்துக்கு மாற்றி, சூரியன் மறைந்து எவ்வளவு நேரமாகியிருந்தது என்று பார்த்துவிடுங்கள். வேகம் ‘நாட்’ என்ற அளவையில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். உயரம் அடிக்கணக்கில் இருக்கும், ஆனால் கடல்மட்டத்திலிருந்தா, தரையிலிருந்தா என்று கவனியுங்கள். மலைப்பகுதியில் இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் பிழையாகிவிடும்.

சிதைவுகளைப் படித்தல்

சிறு விமானங்களில் பொதுவாகக் கருப்புப் பெட்டி இருப்பதில்லை. அதனால்தான் தரையில் கிடக்கும் உலோகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். விசாரணையாளர் முதலில் தேடுவது விமானத்தின் நான்கு முனைகளை: மூக்கு, வால், இரு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் கிடந்தால் விமானம் தரையைத் தொடும்வரை முழுதாக இருந்தது என்று பொருள். இறக்கையின் ஒரு பகுதியோ வாலோ தொலைவில் கிடந்தால் வானிலேயே உடைந்திருக்கிறது. சிதைவுகள் சிறிய வட்டத்துக்குள் கிடந்து, முன்னோக்கிச் சறுக்கிய தடமும் இல்லையென்றால், விமானம் தூக்குவிசை இழந்து ஏறக்குறைய நேர்கீழாக விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட பட்டையாகச் சிதறியிருந்தால் மிகுந்த வேகத்துடன் தாழ்வான கோணத்தில் மோதியிருக்க வேண்டும். மரங்கள் வெட்டுப்பட்ட உயரங்களை வரிசையாக அளந்தால் இறங்கிய கோணமும் இறக்கை சாய்ந்திருந்த அளவும் கிடைத்துவிடும்.

புரொப்பெல்லரைப் பற்றிய பத்தியை நிதானமாகப் படியுங்கள். எஞ்சின் விசையோடு சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் தரையில் மோதினால் அதன் அலகுகள் (இறகுகள்) முறுக்கிக்கொண்டு நெளியும், முன்விளிம்பில் வெட்டுக்கள் விழும், அலகின் அகலவாக்கில் கீறல்கள் இருக்கும். சுழலாமல் நின்றிருந்தால் ஒரு அலகு பின்னோக்கி வளைந்து மற்றொன்று ஏறக்குறைய அப்படியே இருப்பதும் உண்டு. ஆனால் ‘சுழற்சிக்கான அடையாளம் குறைவு’ என்ற வரி, எஞ்சின் பழுதானது என்று சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்திருக்கலாம், கார்புரேட்டரில் பனி படிந்திருக்கலாம், இறங்குவதற்காக விமானியே விசையைக் குறைத்திருக்கலாம். கார்புரேட்டர் பனி விசாரணையாளர் வந்து சேர்வதற்குள் உருகிவிடுவதால், அது பற்றிய முடிவு வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வைத்து ஓர் அட்டவணையில் பார்த்துச் சொல்லப்படுவதாகவே எப்போதும் இருக்கும். வெயில் நாளிலும் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது படியும் என்பதால், ‘அன்று குளிரே இல்லையே’ என்ற வாதம் செல்லாது.

தரையில் புரொப்பெல்லர் வெட்டிய தடங்கள் வரிசையாக இருந்தால் ஒரு சிறு கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு அலகுகள் கொண்ட புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்றால் நொடிக்கு 80 வெட்டுகள் விழும். தடங்களுக்கு இடையே அரை மீட்டர் இருந்தால் விமானம் நொடிக்கு 40 மீட்டர், அதாவது ஏறத்தாழ 78 நாட் வேகத்தில் போயிருக்கிறது. சுழற்சி வேகம், விமான வேகம் இரண்டில் ஒன்று வேறு வழியில் தெரிந்திருந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும். அறிக்கை எதை ஊகமாக எடுத்துக்கொண்டது என்று தேடுங்கள்.

விமானியின் பிடியை இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்களோடு இணைக்கும் கட்டுப்பாட்டு வடங்களைப் பற்றிய பத்தியும் முக்கியமானது. மோதலின் இழுவிசையில் அறுந்த வடத்தின் முனை துடைப்பம்போல் விரிந்திருக்கும். முன்பே தேய்ந்தோ அரித்தோ அறுந்த முனை அப்படி இருக்காது. எச்சரிக்கை விளக்கின் பல்பில் உள்ள இழைகூடச் சான்றாகும்: எரிந்துகொண்டிருந்த சூடான இழை மோதலில் நீண்டு சுருளவிழும், அணைந்திருந்த இழை நீளாமல் முறியும். விமானத்தின் சாய்வைக் காட்டும் கைரோ கருவியின் உள்ளே சுழலும் உருளையில் வட்டக் கீறல்கள் இருந்தால் அது மோதும்போது வேலை செய்துகொண்டிருந்தது. 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஐயோவாவில் இசைக் கலைஞர் பட்டி ஹாலியும் உடன் சென்றவர்களும் இறந்த பீச்கிராஃப்ட் பொனான்சா விபத்தில், வேகமானியின் முள் மணிக்கு 165க்கும் 170க்கும் இடைப்பட்ட மைலிலும், ஏற்ற இறக்கம் காட்டும் கருவியின் முள் நிமிடத்துக்கு 3,000 அடி இறக்கத்திலும் அப்படியே நின்றுவிட்டிருந்தன. நிலைகாட்டும் கைரோ அந்த விமானி பழகியிருந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதும் அறிக்கையில் இடம்பெற்றது.

எரிபொருளைப் பொறுத்தவரை, தொட்டி உடைந்து பெட்ரோல் கொட்டிய இடத்தில் சில நாட்களில் புல் கருகும். அப்படிக் கருகவில்லை என்றால் அதையும் குறித்திருப்பார்கள். தீப்பிடிக்காததை மட்டும் வைத்து எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தீ எரிந்திருந்தால், புகைக்கரி எந்தத் திசையில் படிந்திருக்கிறது என்பது முக்கியம்: பறக்கும்போது எரிந்தால் காற்றோட்டத்தின் போக்கில் பின்னோக்கியும், தரையில் எரிந்தால் மேல்நோக்கியும் படியும்.

விமானியின் மணிக்கணக்கு

‘விமானிக்கு 310 மணி நேர அனுபவம் இருந்தது’ என்பது போன்ற ஒரு மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லாது. அந்த வகை விமானத்தில் எவ்வளவு, அதில் இரவில் எவ்வளவு, அதிலும் தனியாக எவ்வளவு, கடந்த 90 நாட்களில் எவ்வளவு என்று உள்ளே உள்ளே போக வேண்டும். 1999 ஜூலை 16 இரவு அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்த பைப்பர் சரட்டோகாவின் அறிக்கை இதற்கு நல்ல பாடம். அதை ஓட்டிய, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியருக்கு மொத்தம் சுமார் 310 மணி நேரம். அந்த விமானத்தில் சுமார் 36 மணி. அதில் இரவில் 9.4 மணி, பயிற்றுநர் உடன் இல்லாமல் அந்த விமானத்தை ஓட்டியது சுமார் 3 மணி, அதில் இரவுப் பறப்பு சுமார் 0.8 மணி. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. அன்றிரவு புயலும் இல்லை, விதிப்படி வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கக்கூடிய வானிலைதான் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் மூட்டமும் இருளும் சேர்ந்து கடலுக்கு மேலே தொடுவானத்தை மறைத்திருந்தன. ரேடார் பதிவில் கடைசியில் இறக்க வேகம் நிமிடத்துக்கு 4,700 அடியைத் தாண்டியது. எது மேல், எது கீழ் என்ற உணர்வு குழம்பிக் கட்டுப்பாடு போனது என்று 2000ஆம் ஆண்டு அமெரிக்க வாரியம் முடிவுசெய்தது. அந்த முடிவை 0.8 என்ற எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

வானிலைப் பகுதியில் இதே எச்சரிக்கை வேண்டும். பதிவான வானிலை அருகிலுள்ள விமான நிலையத்தினுடையது. விபத்து நடந்த பள்ளத்தாக்கினுடையதோ கடற்பரப்பினுடையதோ அல்ல. எடை பற்றிய பகுதியில் மொத்த எடையோடு எடைமையம் வரம்புக்குள் இருந்ததா என்றும் பாருங்கள்; அவ்வளவு போதும்.

கண்ணால் கண்டவர்கள்

சாட்சிகள் பொய் சொல்வதில்லை, ஆனால் அவர்கள் பார்த்ததற்கும் சொல்வதற்கும் நடுவே நிறைய நடந்துவிடுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நிற்பவர் எஞ்சின் சத்தம் மாறியதைக் கேட்டுத் தலை தூக்கும்போது, அந்த மாற்றம் நடந்து ஆறு நொடி ஆகியிருக்கும்; ஒரு சிறு விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழ அந்த ஆறு நொடி போதும். ‘எஞ்சின் திக்கித் திக்கி ஓடியது’, ‘வானிலேயே தீப்பிடித்தது’ என்ற இரண்டையும் உலோகச் சான்று உறுதிசெய்கிறதா என்று பார்த்த பிறகே உங்கள் தாளில் ஏற்றுங்கள். இன்று கைபேசி, டேப்லட், எஞ்சின் அளவீட்டுக் கருவி, தெருக் கேமரா ஆகியவற்றின் பதிவுகள் சாட்சிகளின் சுமையைப் பெருமளவு குறைத்துவிட்டன.

மருத்துவப் பகுதி

உறவினர்களுக்கு இது படிக்கக் கடினமான பகுதி. தேவையானால் வேறொருவரைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். ஆனால் இதைத் தாண்டிவிட்டால் விபத்தின் காரணமே கைநழுவக்கூடும். 2019 ஜனவரி 21 அன்று கெர்ன்சி தீவருகே ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபுவில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்தார். விமானம் கடலடியிலிருந்து மீட்கப்படவில்லை. விமானியின் உடலும் கிடைக்கவில்லை. பயணியின் இரத்தத்தில், எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 விழுக்காடு இருந்ததுதான் பெரிய திறப்பு. பொதுவாக 50 விழுக்காட்டைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்தான அளவு அது. அதைக் கொண்டுதான், அதே சிறிய அறையில் இருந்த விமானியும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பிரிட்டனின் வான் விபத்து விசாரணைப் பிரிவு கணித்தது.

இங்கே சொற்களைக் கவனியுங்கள். பயணியைப் பற்றிச் சொன்னது அளந்த எண். விமானியைப் பற்றிச் சொன்னது ‘பெரும்பாலும்’ என்ற அடையோடு வருகிறது. நல்ல அறிக்கை இந்த வேறுபாட்டை மறைப்பதில்லை. மோசமான மேற்கோள்தான் அந்த அடையை வெட்டிவிடுகிறது.

முடிவை எடைபோடுதல்

இப்போது பகுப்பாய்வையும் முடிவையும் படிக்கலாம். நாடுகளுக்கு நாடு வடிவம் மாறும்: அமெரிக்க வாரியம் சாத்தியமான காரணத்தைச் சுருக்கமாகச் சில வரிகளில் சொல்லும், ஆஸ்திரேலிய அமைப்பு பங்களித்த காரணிகளைப் பட்டியலிடும். எந்த வடிவமானாலும், அந்த நொடியில் நடந்தது, அதற்கு முன்பே அமைந்திருந்தது என்று இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் கரையோரம் இறந்த, தனிநபர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த லாங்-ஈசி விமானத்தின் அறிக்கை இதற்குப் பொருத்தமானது. எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, வலது ரட்டரை (வாலில் உள்ள திசைமாற்றியின் மிதியை) அறியாமல் மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது அந்த நொடி. எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் காரணமாகவே வைக்கப்பட்டது. ஆனால் அதே வாக்கியத் தொடர் மேலும் செல்கிறது: அந்தத் திருகு விமானியின் இடது தோளுக்குப் பின்னால், எட்டுவதற்குக் கடினமான இடத்தில், எந்தக் குறியும் இல்லாமல் பொருத்தப்பட்டிருந்தது; எரிபொருள் அளவுக் கண்ணாடிகளிலும் குறிகள் இல்லை; புதிய வகை விமானத்துக்கு மாறுவதற்கான பயிற்சி போதவில்லை. திருகை அங்கே வைக்க முடிவுசெய்தவர் விமானத்தைக் கட்டியவர், விமானி அல்லர். விசாரணையாளர்கள் அதே வகை விமானத்தில் உட்கார்ந்து திருகை எட்டிப் பார்த்தபோது, உடலைத் திருப்புகையில் வலது கால் தானாகவே ரட்டர் மிதியை அழுத்தியது. அந்தச் சோதனை இல்லாவிட்டால் ரட்டர் பற்றிய முடிவு வெறும் ஊகம். நீங்கள் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இதைத்தான்.

உங்கள் தாளில் உள்ள ஏதாவது ஒரு சான்று பகுப்பாய்வில் பேசப்படாமல் விடப்பட்டிருந்தால் அதை அடிக்கோடிடுங்கள். அமெரிக்க வாரியம் படங்கள், நேர்காணல்கள், பராமரிப்புப் பதிவுகள் அடங்கிய கோப்புத் தொகுப்பைத் தனியாக இணையத்தில் வெளியிடுகிறது. அறிக்கையில் ஒரு வரியாகச் சுருங்கியது அங்கே பல பக்கங்களாக இருக்கும், கேள்விக்கு விடை பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். விடை கிடைக்காவிட்டால் விசாரணை அமைப்புக்கு எழுதலாம். முடிந்த விசாரணையை மீண்டும் திறக்கவும் வழியுண்டு, ஆனால் புதியதும் முக்கியமானதுமான சான்று தேவை. வேறு விளக்கம் ஒன்று தோன்றுகிறது என்பது போதாது. பட்டி ஹாலி இறந்த ஐயோவா விபத்தை மறுபரிசீலனை செய்யுமாறு வந்த விண்ணப்பத்தை 2015இல் வாரியம் மறுத்துவிட்டது.

கடைசியாகப் பரிந்துரைகள். ஒவ்வொரு பரிந்துரையும் யாருக்கு எழுதப்பட்டது, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பாருங்கள். விசாரணை அமைப்புக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு, கட்டளையிடும் அதிகாரம் இல்லை. மாலிபு விபத்துக்குப் பின், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும்படி பிரிட்டிஷ் பிரிவு பரிந்துரைத்தது. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அந்த அபாயத்தை அறியாத பயணிகளை ஏற்றிச் செல்லும்போது இயங்கும் கருவி ஒன்று இருந்தாக வேண்டும் என்ற விதி, 2025 ஜனவரியில்தான் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது.